காம்பு முக்கும் கப்: 14 வெள்ளிக்குத் தகுமா?

சிங்கப்பூர் தேக்காவில் அறை எடுத்துத் தங்கியிருப்பவன் மாட்டுக் காம்புக்கு மருந்து முக்கும் கப்பைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம், நான் மார்க்கெட்டுக்குப் போகிற பஃபலோ ரோட்டுக்கே மாட்டு வியாபாரத்தால்தான் அந்தப் பெயர். ஊரில் அண்ணி மூன்று கலப்பின மாடு வைத்திருக்கிறார். போன வருடம் ஒன்றுக்கு மடிநோய் வந்தது. கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசி, டாக்டரை வரவழைத்து ஊசியும் போட்டும் ஒரு காம்பில் பால் நின்றேபோனது. அதனால்தான் லீவுக்குப் போகும்போது ஆன்லைனில் இதை வாங்கிக்கொண்டு போனேன்.

அடியில் பாட்டில், மேலே கப். பாட்டிலை அமுக்கினால் மருந்து கப்புக்கு ஏறும், திரும்ப உள்ளே இறங்காது. விஷயமே அதுதான். சாதாரண டம்ளரில் முக்கினால் முதல் மாட்டின் சாணியும் கிருமியும் அடுத்த மாட்டுக்கும் போய்ச் சேரும், இதில் அழுக்கானதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஏற்றிக்கொள்ளலாம். மருந்தை ஊரிலேயே கால்நடை மருந்துக்கடையில் வாங்கினோம், கிளிசரின் கலந்த 0.5 சதவீத அயோடின். கிளிசரின் இருப்பதால் காம்புத் தோல் வெடிக்காது.

முதல் நாள் நாலு காம்பும் பழுப்பாக நின்றதைப் பார்த்து அண்ணி, "என்ன தம்பி, மாட்டுக்கு மருதாணியா?" என்றார். இப்போது வீடியோ கால் போட்டால் அவரே எனக்குப் பாடம் எடுக்கிறார்: கறந்து முடித்த கையோடு முக்கணும், முக்கியதும் பசும்புல் போட்டு அரைமணி நேரமாவது மாட்டைப் படுக்கவிடாமல் பார்த்துக்கணும், ஏனென்றால் கறந்தவுடன் காம்புத் துளை திறந்திருக்கும். சரிதான். ஆனால் ஏற்கெனவே நோய் வந்த மடிக்கு இது மருந்தல்ல, வராமல் தடுக்கத்தான். பாலில் திரிதிரியாகக் கட்டி தெரிந்தால் டாக்டரைத்தான் கூப்பிட வேண்டும்.

குறை? மூடியின் மரை சரியில்லை, இரண்டாம் வாரமே ஒழுகி அண்ணியின் சேலையெல்லாம் கறை. நான் இங்கே பைப் வேலை பார்ப்பவன், டெஃப்லான் டேப்பைச் சுற்றச் சொன்னேன், நின்றது. விற்றவரிடம் மூடி மட்டும் கேட்டு மெசேஜ் போட்டேன், படித்துவிட்டுப் பதிலே இல்லை. பாட்டிலும் கொஞ்சம் கெட்டி, கறந்து ஓய்ந்த கைக்கு அமுக்குவது சிரமம்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருகிறேன். அடுத்த லீவுக்கு இன்னொன்று வாங்குவேன், வேறு கடையில்.