ஆரிகால்சைட்டா, ரோசாசைட்டா? துத்தநாகமும் செம்பும் சேர்ந்த இரண்டு கார்பனேட்டுகள்

கனிமத் துண்டுகள் சேகரிப்பவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் வந்திருக்கும். துருப் பழுப்பு நிறப் பாறை, அதன் மேல் நீலமும் பச்சையும் கலந்த ஒரு படிவு. ஒருவர் ஆரிகால்சைட் என்று சீட்டு எழுதி வைத்திருப்பார், இன்னொருவர் அதையே ரோசாசைட் என்பார். இரண்டிலும் உள்ள சரக்கு ஒன்றுதான்: துத்தநாகம், செம்பு, கார்பனேட், ஹைட்ராக்சைடு. இரண்டும் உருவாகும் இடமும் ஒன்றுதான். பல சமயம் ஒரே துண்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இருந்தாலும் இரண்டும் வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது மட்டுமல்ல, செம்பு எவ்வளவு துத்தநாகம் எவ்வளவு என்ற கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் தவறாகப் போகும். பார்க்க வேண்டியது எலும்புக்கூட்டை, அதாவது அணுக்கள் உள்ளே அடுக்கியிருக்கும் முறையை.

முதலில் அணுக் கணக்கு. ரோசாசைட்டில் இரண்டு உலோக அணுவுக்கு ஒரு கார்பனேட், இரண்டு ஹைட்ராக்சைடு. இது அப்படியே மாலகைட் என்ற பச்சைச் செம்புக் கனிமத்தின் கணக்கு. மாலகைட்டில் உலோகம் முழுக்கச் செம்பு. செம்புப் பாத்திரத்தில் பிடிக்கும் பச்சைக் களிம்பில் இருப்பதும் பெரும்பாலும் இந்த வகைச் சேர்மம்தான். ரோசாசைட்டில் அந்தச் செம்பில் ஒரு பங்கைத் துத்தநாகம் பிடித்துக்கொள்கிறது. ஆரிகால்சைட்டில் கணக்கே வேறு: ஐந்து உலோக அணு, இரண்டு கார்பனேட், ஆறு ஹைட்ராக்சைடு. இது ஹைட்ரோசிங்கைட் என்ற வெள்ளைத் துத்தநாகக் கனிமத்தின் கணக்கு. ஆக, ஒன்று செம்பு வீட்டுப் பிள்ளை, மற்றது துத்தநாக வீட்டுப் பிள்ளை.

இந்த வித்தியாசத்தைத் தராசிலேயே பார்க்கலாம். சூடாக்கினால் இரண்டும் கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் விட்டுவிட்டு ஆக்சைடாக மாறும். ரோசாசைட் தன் எடையில் கிட்டத்தட்ட 20 சதவீதத்தைக் கார்பன் டை ஆக்சைடாக இழக்கும், நீராக 8 சதவீதம் போகும். ஆரிகால்சைட்டில் முன்னது சுமார் 16, பின்னது சுமார் 10. செம்பும் துத்தநாகமும் கிட்டத்தட்ட ஒரே அணு எடை கொண்டவை என்பதால், உலோகங்களின் விகிதம் கொஞ்சம் மாறினாலும் இந்த எண்கள் பெரிதாக நகர்வதில்லை.

அப்படியானால் மாலகைட்டில் துத்தநாகத்தை ஏற்றிக்கொண்டே போனால், கட்டமைப்பு மாறாமலே ரோசாசைட் வந்துவிடுமா? வராது. செம்பு அயனியும் துத்தநாக அயனியும் அளவில் ஏறக்குறைய ஒன்று. ஆனால் செம்பு அயனியின் வெளிப்புற டி கூட்டில் ஒன்பது எலக்ட்ரான், துத்தநாகத்தில் நிறைந்த பத்து. இந்த ஒரு எலக்ட்ரான் குறைவதால் செம்பைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் அமைக்கும் எண்முகி (எட்டு முகமுள்ள வடிவம்) ஒரு அச்சின் திசையில் இழுபட்டு நீளும். யான்-டெல்லர் விளைவு என்பது இதுதான். துத்தநாகத்துக்கு அந்த இழுப்பு தேவையில்லை. எண்முகியிலும் இருக்கும், நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த நான்முகியிலும் வசதியாக உட்காரும். மாலகைட்டின் கட்டமைப்பு நீண்ட எண்முகிகளை நம்பி நிற்பது. துத்தநாகம் ஓரளவுக்கு மேல் ஏறினால் அது தாங்காது, வேறு அடுக்குமுறைக்குப் போகும்.

ரோசாசைட் அப்படிப் போன அடுக்குமுறைதான். மாலகைட்டும் ரோசாசைட்டும் ஒற்றைச்சரிவச்சுத் தொகுதி (படிகத்தின் மூன்று அச்சுக் கோணங்களில் ஒன்று மட்டும் சரிந்திருப்பது), சமச்சீர்க் குறியீடும் ஒன்றே. இரண்டிலும் எண்முகிகள் விளிம்போடு விளிம்பு சேர்ந்து நாடாவாக ஓடும். ஆனால் அலகுக்கூடு, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டம், வேறு: சரிவுக் கோணம் மாலகைட்டில் சுமார் 99 பாகை, ரோசாசைட்டில் சுமார் 110 பாகை. ரோசாசைட் இழை இழையாகவே வளரும் கனிமம். தனிப்படிகம் எடுத்து ஆராய வழியில்லாததால், 1908-இல் பெயர் பெற்ற இதன் கட்டமைப்பு 2006 வாக்கில்தான், அதுவும் பொடியின் எக்ஸ் கதிர்ச் சிதறலிலிருந்து, தெளிவானது.

ஆரிகால்சைட்டின் கதை இன்னும் நீளம். 1839-இல் ரஷ்யாவின் அல்தாய் மலைப் பகுதியிலுள்ள லோக்தெவ்ஸ்கோயே சுரங்கத்துக் கல்லை வைத்து இது விவரிக்கப்பட்டது. செஞ்சாய்சதுரத் தொகுதி (மூன்று கோணமும் செங்கோணமாக இருப்பது) என்றே நெடுங்காலம் நூல்கள் சொல்லிவந்தன. 1994-இல் மிக நுண்ணிய ஒரு படிகத்தைச் சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி தரும் வலுவான எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தபோதுதான் இதுவும் ஒற்றைச்சரிவச்சு என்று உறுதியானது. உள்ளே உலோகங்களுக்குப் பல வகை இடங்கள். நீண்ட எண்முகிகளைச் செம்பு விரும்பிப் பிடிக்கிறது, நான்முக இடத்தைத் துத்தநாகம் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு உலோகமும் தனக்குத் தோதான இடத்தில் இருக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ரோசாசைட்டில் இவ்வளவு தெளிவான பங்கீடு கிடையாது.

வகைப்பாட்டுக்கு வருவோம். கனிமங்களை வகைபிரிக்கும் ஸ்ட்ரன்ஸ் முறையில் இரண்டும் ஐந்தாம் வகுப்பு, அதாவது கார்பனேட்டுகள். அதிலும் ஹைட்ராக்சைடு போன்ற கூடுதல் எதிரயனி உள்ள, நீர் மூலக்கூறு இல்லாத பிரிவு. ரோசாசைட் 5.பிஏ.10-இல் மாலகைட்டோடு நிற்கிறது. ஆரிகால்சைட் 5.பிஏ.15-இல் ஹைட்ரோசிங்கைட்டோடு நிற்கிறது. ரோசாசைட் குழுவில் இன்னும் பலர் உண்டு: செம்போடு நிக்கல் சேர்ந்த கிளௌக்கோஸ்பேரைட், கோபால்ட் சேர்ந்த கோல்வேசைட், மக்னீசியம் சேர்ந்த மெக்கின்னசைட். செம்பு பாதிக்குக் கீழே போய்த் துத்தநாகம் பாதியைத் தாண்டினால் அதே கட்டமைப்புக்குச் சிங்க்ரோசாசைட் என்று பெயர். நமீபியாவின் சுமேப் சுரங்கத்திலிருந்து 1959-இல் ஸ்ட்ரன்ஸ் இதை விவரித்தார்.

சீட்டுகள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு துண்டை வைத்துத் தனிமப் பகுப்பாய்வு செய்கிறார்கள். துத்தநாகம் மூன்று பங்கு, செம்பு இரண்டு பங்கு என்று வருகிறது. அது சிங்க்ரோசாசைட்டாகவும் இருக்கலாம், ஆரிகால்சைட்டாகவும் இருக்கலாம்! அந்தக் கருவி ஹைட்ரஜனைக் காணாது. கார்பனையும் சரியாக அளக்காது, அதிலும் மாதிரிக்குக் கார்பன் பூச்சு போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டையும் பிரிக்கும் கார்பனேட், ஹைட்ராக்சைடு கணக்குதான் அதில் கிடைக்காமல் போகிறது. தனிம விகிதம் மட்டும் எழுதிய சிங்க்ரோசாசைட் சீட்டை நான் ஏற்கமாட்டேன். எக்ஸ் கதிர்ப் பொடி வரைபடம் வேண்டும். ஆரிகால்சைட்டின் ஆக வலுவான கோடு 6.8 ஆங்ஸ்ட்ராம் (அணு அடுக்குகளின் இடைவெளி அளவு) அருகே வரும். ரோசாசைட் வகையில் அந்த இடம் காலி, 6.0 அருகேதான் கோடு. லேசர் ஒளி சிதறுவதைப் பார்க்கும் ராமன் நிறமாலையும் உதவும், துண்டைப் பொடியாக்க வேண்டியதில்லை என்பது அதில் கூடுதல் லாபம்.

சரி, கருவி எதுவும் கையில் இல்லை, ஒரு பத்து மடங்கு லென்ஸ் மட்டும் இருக்கிறது. அப்போதும் வழி உண்டு. மெக்சிகோவின் துராங்கோ மாநிலத்தில், மாப்பிமியிலுள்ள ஒஹுவேலா சுரங்கத் துண்டுகள் இதற்கு நல்ல பாடம். லிமோனைட் என்ற துருப் பழுப்பு இரும்புத் தாதின் குழிக்குள் லென்ஸை இறக்கினால், ரோசாசைட் நீலப்பச்சை உருண்டைகளாகத் தெரியும். மேற்பரப்பு வெல்வெட் போல மங்கலாக இருக்கும். உடைந்த உருண்டையில் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி இழைகள் விரிவது தெரியும். நிறம் வளையம் வளையமாக மாறுவதும் உண்டு. ஆரிகால்சைட் அங்கேயே மெல்லிய தட்டை ஊசிகளாக, கொத்துக் கொத்தாக நிற்கும். நிறம் வெளிர், வான்நீலத்துக்கும் இளம்பச்சைக்கும் இடையில். வெளிச்சத்தைச் சாய்த்தால் பட்டு அல்லது முத்து போல மினுங்கும். மூச்சுக் காற்று பட்டாலே ஆடும் அளவுக்கு மெல்லிய கொத்துகளும் உண்டு.

அடுத்தது கடினம். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோ அளவுகோலில் ஆரிகால்சைட் 1 முதல் 2 வரை, ரோசாசைட் 4-ஐ ஒட்டி. நகம் சுமார் 2.5. எனவே நகத்துக்கு ஆரிகால்சைட் விட்டுக்கொடுக்கும், கெட்டியான ரோசாசைட் விட்டுக்கொடுக்காது. என் கணிப்பில் காசில்லாத சோதனைகளில் இதுவே சிறந்தது. ஒரு எச்சரிக்கை: ரோசாசைட்டின் மேல் இழைகள் நகம் பட்டால் நொறுங்கும். கீறல் விழுந்ததா, இழைதான் ஒடிந்ததா என்று லென்ஸில் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். அழகான கொத்தின் மேல் நகத்தை வைக்கவே வேண்டாம், ஓரத்தில் ஒதுங்கிய துணுக்கு போதும். ஒப்படர்த்தி பெரிதாக உதவாது: ஆரிகால்சைட் 3.96 அளவில், ரோசாசைட் 4.0 முதல் 4.2 வரை. பாறையோடு ஒட்டிய படிவில் இந்த வித்தியாசத்தை அளக்க முடியாது.

அமிலச் சோதனை இந்த இரண்டையும் பிரிக்காது, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரண்டும் நுரைக்கும். ஆனால் இவற்றைப் போலத் தோன்றும் வேஷக்காரர்களை வெளியேற்ற அது நன்றாகப் பயன்படும். கிரைசோகொல்லாவும் நீல ஹெமிமார்பைட்டும் சிலிக்கேட்டுகள், நுரைக்காது. செம்பினால் நிறம் பெற்ற ஸ்மித்சோனைட் என்ற துத்தநாகக் கனிமம் கொஞ்சம் ஏமாற்றும். நியூ மெக்சிகோவின் மக்தலேனாவிலுள்ள கெல்லி சுரங்கத்து நீல ஸ்மித்சோனைட் உருண்டு திரண்டு ரோசாசைட்டை நினைவூட்டும். அதுவும் கார்பனேட், கடினமும் 4 முதல் 4.5. அதன் கண்ணாடி மினுக்கும் பாதி ஒளி ஊடுருவும் தன்மையும்தான் அங்கே கைகொடுக்கும். ஹைட்ரோசிங்கைட்டுக்கு வேறு அடையாளம்: குறுஅலைப் புற ஊதா விளக்கில் நீலவெள்ளையாக ஒளிரும். செம்பு உள்ளே வந்தால் அந்த ஒளிர்வு அணைந்துவிடும்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் வளர்வது ஏன்? சல்பைடுத் தாதுக்கள் மேற்பரப்பின் அருகே ஆக்சிஜனேற்றம் அடையும்போது செம்பும் துத்தநாகமும் கரைசலில் இறங்குகின்றன. சுண்ணாம்புப் பாறை அந்த அமிலத்தை முறித்துக்கொண்டே வருகிறது. செம்பு முதலிலேயே படிந்துவிடும்; துத்தநாகத்துக்கு இன்னும் காரத்தன்மை வேண்டும், அதனால் அது தூரம் ஓடும். செம்பு மிகுந்த கரைசலில் மாலகைட், துத்தநாகம் சேரச் சேர ரோசாசைட், துத்தநாகம் கை ஓங்கிய இடத்தில் ஆரிகால்சைட், கடைசியில் ஹைட்ரோசிங்கைட். ஒரே குழிக்குள்ளேயே நாளடைவில் கரைசல் மாறும் என்பதால் அடுத்தடுத்த கட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிகின்றன. ரோசாசைட்டுக்குப் பெயர் தந்த ரோசாஸ் சுரங்கம் சார்தீனியா தீவின் தென்மேற்கில், சுல்சிஸ் பகுதியில் இருக்கிறது. அதே தீவில் ரியோ நராக்கௌலி என்ற ஓடையில் நீலப்பச்சைப் பாக்டீரியாக்களின் துணையோடு இன்றும் ஹைட்ரோசிங்கைட் படிகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடத் தோன்றுகிறது.

இவற்றில் எது என்ற கேள்வி சேகரிப்புப் பெட்டியோடு நிற்பதில்லை. மெத்தனால் ஆலைகளில் 1960-களிலிருந்து செம்பு-துத்தநாக ஆக்சைடு வினையூக்கி பயன்படுகிறது. அதைச் செய்யும்போது முதலில் கரைசலிலிருந்து வீழ்படிவாக வருவது இந்தக் கனிமங்களின் செயற்கை உருவங்கள்தான். வேதியியலாளர்கள் விரும்புவது துத்தநாகம் ஏறிய மாலகைட்டை. அணு அளவில் கலந்திருக்கும் இரண்டு உலோகங்களும் சூடாக்கும்போது நுண்ணிய ஆக்சைடுகளாகப் பிரிந்து, செம்புக்குப் பெரிய பரப்புக் கிடைக்கிறது. ஆனால் மாலகைட் கட்டமைப்பு ஏற்கும் துத்தநாகம் உலோக அணுக்களில் 28 சதவீத அளவோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் சேர்த்தால் ஆரிகால்சைட் பிரிந்து படியத் தொடங்கும், வினையூக்கியின் தரம் இறங்கும். நீள மறுக்கும் துத்தநாக எண்முகியின் பிடிவாதம் அங்கே ஆலையின் கலவை விகிதத்தையே நிர்ணயிக்கிறது. 2016-இல் இதைச் சுற்றிப்போக ஒரு வழி வெளியானது: ஜார்ஜைட் என்ற படிகமற்ற செம்பு கார்பனேட்டைத் துத்தநாகத்தோடு சேர்த்து, மீயுய்நிலைக் (வாயுவுக்கும் திரவத்துக்கும் இடைப்பட்ட நிலையிலுள்ள) கார்பன் டை ஆக்சைடில் வீழ்படிவாக்கினார்கள். படிக ஒழுங்கே இல்லாத முன்னோடிப் பொருள், வழக்கமான மாலகைட் வழியில் செய்ததைவிடச் சிறந்த வினையூக்கியைத் தந்தது.