வெயிலில் ட்ரோன் காணொளி: சாதாரண என்.டி.யா, போலரைசர் சேர்ந்ததா?

பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையின் உச்சி வெயிலில், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 2.8 அளவில், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/3200 நொடியை ஒட்டிப் போய்விடுகிறது. ஒவ்வொரு ஃபிரேமும் கத்தியால் நறுக்கியதுபோல் தனித்து நிற்பதால் காட்சி வெட்டி வெட்டி ஓடுகிறது. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் 1/50-இல் இருந்தால்தான் அசைவு வழுக்கிக்கொண்டு வரும். அதற்கு லென்ஸ்மேல் மாட்டும் என்.டி. என்ற கருமை வடிகட்டிகளில், ஒளியை 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி. 64 வேண்டும். அதில் சாதாரணமானதா, பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியும் சேர்ந்ததா, எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

போலரைசர் சேர்ந்ததன் அழகைத் தண்ணீரில் பார்க்க வேண்டும். ட்ரோன் புறப்படுமுன் திரையைப் பார்த்தபடியே வடிகட்டியின் வளையத்தை மெல்லத் திருப்புங்கள். கடல்மேல் மின்னும் வெள்ளைப் பளபளப்பு கரைகிறது. நீர் தெளிந்த நாளில் கரையோரப் பாறையின் அடிப்பகுதிகூடத் தெரிகிறது. தென்னங்கீற்றின் பச்சையும் ஆழமாகிறது. ஆனால் ட்ரோன் திசை மாறியதும் பளபளப்பு திரும்பிவிடும். வானம் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் நிற்கும். பறக்கும்போது வளையத்தைத் தொட முடியாதே! மீன்பிடிப் படகைச் சுற்றி எடுத்த அருமையான காட்சி ஒன்றை இப்படித்தான் இழந்தேன். இன்னும் மனம் ஆறவில்லை.

சாதாரண என்.டி. எப்பக்கம் திரும்பினாலும் இப்படி நிறம் மாற்றாது. முதலில் இதையே வாங்குங்கள். ஒரே திசையில் கடல்மேல் நேராகப் போகும் காட்சிகள் அதிகம் என்றால் மட்டும் போலரைசருக்குச் செலவிடலாம். மெல்லிய மேகம் படர்ந்தால் என்.டி. 16 போதும்.