தடா பக்கம் மீன்பிடி கேம்ப் புக் பண்ணுமுன் இதைப் படிச்சிடுங்க

எனக்கு ஸ்ரீசிட்டியில் வேலை, தடாவில் வாடகை வீடு. பழவேற்காடு ஏரி பக்கத்திலேயே இருப்பதால் சென்னையிலிருந்து யார் வந்தாலும் "பூநாரை பாக்கணும், தூண்டில் போடணும்"தான். போன ஜனவரியில் மச்சான் குடும்பத்தோடு வந்தான். ஏரிக்கரையில் ஆந்திரா பக்கம் ஒரு மீன்பிடி கேம்ப்பில் இரண்டு ராத்திரி தங்கினோம். பேர் போடவில்லை. போட்டால் அடுத்த மாசம் வேறு பேரில் போர்டு மாட்டுவார்கள்.

வாடகை 9,000, டெபாசிட் 3,000, இரண்டும் முன்கூட்டியே ஜிபேயில் போய்விட்டது. போனில் கேட்டபோது "ரூல்ஸ்லாம் ஒண்ணும் இல்ல சார், உங்க வீடு மாதிரி" என்றார் மேனேஜர். ரூமுக்குள் போனால் கதவின் பின்பக்கம் 17 விதி ஒட்டியிருக்கிறது, தெலுங்கிலும் இங்கிலீஷிலும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் சத்தம் கூடாது, ரூமில் சமைக்கக் கூடாது. இதெல்லாம் நியாயம், நானே வாடகைக்கு விட்டாலும் அதைத்தான் எழுதுவேன். பதினொன்றாவது விதிதான் இடித்தது. நாம் பிடிக்கிற மீனை அவர்கள் எடை போடுவார்களாம், கிலோ 350 கொடுத்து நாமே வாங்கிக்கொள்ள வேண்டுமாம். கேட்டதற்கு, "இதி மா ரூல் சார்." அவ்வளவுதான் பதில்.

மறுநாள் விடிகாலை படகு. பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் மூணு. லைஃப் ஜாக்கெட் இரண்டே இரண்டு. "இடுப்பளவு தண்ணிதான சார்" என்றான் படகுப் பையன். ஏரி முக்கால்வாசி இடத்தில் ஆழம் குறைவு, உண்மைதான். ஆனால் 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இருபது பேருக்கு மேல் போனது எங்கள் வீட்டம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் கடைக்குட்டியைக் கூட்டிக்கொண்டு கரையிலேயே நின்றுவிட்டாள். நானும் அப்போதே இறங்கியிருக்க வேண்டும்.

கொஞ்ச தூரத்தில் பூநாரைக் கூட்டம். பையன் இன்ஜினை முறுக்கி நேரே அதுகளைப் பார்த்து ஓட்டினான், பறந்தால் வீடியோ நன்றாக வருமாம். மேய்ந்துகொண்டிருந்தது அத்தனையும் எழும்பியது. மச்சான் மகனுக்கு ஒரே குஷி, எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது பறவைகள் சரணாலயம். 1972 வனவிலங்குச் சட்டப்படி சரணாலயத்துக்குள் ஒரு பறவையைச் சீண்டினாலே குற்றம். அந்த 17 விதியில் பறவை என்ற வார்த்தையே கிடையாது.

அப்புறம் தெற்கே முக்கால் மணி நேரம் ஓட்டினான். கொடுவா கிடைக்கும் என்று ஓர் இடத்தில் நங்கூரம் போட்டான். தூண்டிலில் உயிர் இரால் கோத்துப் போட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஒரு படகு வேகமாகக் கோல் ஊன்றி வந்தது. அறுபது வயசுப் பெரியவர், கூட இரண்டு பையன்கள். நங்கூரக் கயிறு அவர்கள் வலையில் மாட்டிக்கொண்டிருந்தது. நான் தமிழில் பேசியதும் கோபம் கொஞ்சம் இறங்கியது.

"தம்பி, இன்னிக்கு இந்த எடம் எங்க பாடு. ஊரே சீட்டு போட்டு முறை வச்சி எறங்குறோம். எங்க ஊர்க்காரனே முறை இல்லாம இங்க வலை போட மாட்டான். நீங்க பாட்டுக்கு வந்து நங்கூரம் போட்டா எப்பிடி?"

இந்தப் பாடு முறை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஏரியில் இரால் கிடைக்கிற நல்ல இடங்களைக் குடும்பத்துக்குக் குடும்பம் முறை மாற்றி அனுபவிப்பார்கள். ஒருவருக்கு ஒருநாள் கெட்டால் அடுத்த முறை வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். தடாவில் நாலு வருஷமாக இருக்கிற எனக்கே இது அரைகுறையாகத்தான் தெரியும். கேம்ப் நடத்துகிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? படகுப் பையன் தலையைக் குனிந்தபடி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். வலை ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது. நான் 500 ரூபாய் நீட்டினேன். பெரியவர் வாங்கவில்லை. "உன்கிட்ட எதுக்கு? கூட்டியாந்தவன் தரட்டும்" என்று போய்விட்டார்.

அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது நாலு மடவை. பதினொன்றாம் விதிப்படி அதையும் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். மச்சான் மகன் அதை வாஷ்பேசினில் வைத்துக் கழுவிவிட்டான். அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

கிளம்பும்போது டெபாசிட்டில் 600 மட்டும் திரும்பி வந்தது. மீன் வாடைக்கு 500, தூண்டில் நுனி வளைந்ததற்கு 400. அது வளைந்தே இருந்த தூண்டில், கையில் வாங்கும்போதே போட்டோ எடுக்காதது என் முட்டாள்தனம். மிச்சம் 1,500 எதற்கு என்றால், வலை நஷ்டமாம். "அவங்களுக்கு நாங்க செட்டில் பண்ணிட்டோம் சார். கெஸ்ட் பண்ண டேமேஜ் கெஸ்ட்தான் தரணும்." நங்கூரம் போட்டது அவர்கள் ஆள் என்றேன். பதினாலாவது விதியைக் காட்டினார். சரி, அந்தப் பெரியவருக்காவது போய்ச் சேர்ந்ததே என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்தில் மீன் வாங்கப் போனபோது அதே பெரியவரைப் பார்த்தேன். வலைக்குக் காசு வந்ததா என்று கேட்டேன்.

"யாரு தந்தா?" என்றார்.