சின்னத் திரையில் தமிழ்: விளிம்பு வழவழப்பு, எழுத்து உடைசல்

கணினியின் ட்ரூடைப் எழுத்துருவைச் சின்னத் திரைக்கான பிட்மேப்பாக, அதாவது புள்ளிப் படமாக, மாற்றித் தரும் நிரலில் (இனி 'மாற்றி'), ஒரு புள்ளிக்கு எத்தனை பிட் என்று கேட்கும் இடத்தில் 4 போடுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சமையலறையில் மேல்தொட்டியின் நீர் அளவைக் காட்டும் ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகையும் 2.8 அங்குலத் திரையும் பல மாதங்களாக ஓடுகின்றன. அதைப் பார்த்த நண்பர் ஒருவர் அதே மாற்றியை வாங்கலாமா என்று கேட்டதால் எழுதுகிறேன். வாங்க வேண்டியதில்லை, இலவசம்தான்.

1 பிட்டில் புள்ளி எரியும் அல்லது அணையும், அவ்வளவுதான். ண, ழ, ஜ இவற்றின் சுழிகள் படிக்கட்டாகிவிடும். 4 பிட்டில் 16 சாயல்கள். வளைவு ஒரு புள்ளியில் பாதியை மூடினால் பாதிச் சாயல் விழும். 24க்கு 24 கட்டத்தில், 1 பிட்டில் 72 பைட் பிடித்த எழுத்து 4 பிட்டில் 288 பைட் ஆகிறது. 8 பிட் என்றால் 576. 4க்கும் 8க்கும் உள்ள வித்தியாசம் 240க்கு 320 திரையில் என் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்னொரு சந்தோஷம்: கோப்பில் நிறம் கிடையாது, மூடிய அளவு மட்டும்தான். தண்ணீர் இறங்கியதும் அதே எழுத்து சிவப்பாகும், விளிம்பில் அழுக்குக் கரை வராது.

சரி, இப்போது கோபம். "குறைவு" என்று எழுதச் சொன்னால் முதலில் க, பக்கத்தில் தனியாக உகரக் கொக்கி, அப்புறம் ற, அதற்குப் பின்னால் ஐகாரச் சுழி! கைபேசியில் ஹார்ஃப்பஸ் போன்ற நிரல் இவற்றைச் சேர்த்து, இடம் மாற்றி வைக்கிறது. எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் தரும் பொதுக் குறியீடான யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் 'கு'வுக்குத் தனி எண் இல்லை. அந்த வடிவம் எழுத்துருவுக்குள் இருந்தும், எண்ணைப் பார்த்துப் பொறுக்கும் மாற்றி அதை விட்டுவிடுகிறது. எண்வரிசையை மட்டும் எடுப்பேன் என்றுதான் அதன் விளக்கமும் சொல்கிறது, ஏமாற்றவில்லை. ஆனாலும் இவ்வளவு அழகான விளிம்போடு தப்பான எழுத்தைப் பார்க்க எரிச்சலாக வருகிறது.

வழி கொடுத்தது டேஸ்16. 2010இல் தமிழ்நாடு அரசு ஏற்ற குறியீடு. யூனிகோட் எந்த எழுத்துக்கும் ஒதுக்காமல் விட்ட தனிப்பயன் பகுதியில், ஒவ்வொரு உயிர்மெய்க்கும் இதில் சொந்த இடம் உண்டு. அந்தக் குறியீட்டில் அமைந்த எழுத்துருவையும் அதன் எண்வரிசையையும் மாற்றிக்குக் கொடுத்தால் கு, றை எல்லாம் முழுதாக இறங்குகின்றன. மெய்க்கு ஒரு வரிசை, உயிருக்கு ஒரு பத்தி என்ற ஒழுங்கு இருப்பதால், யூனிகோடிலிருந்து மாற்ற ஒரு சின்ன நிரலே போதும். 247 எழுத்துக்கும் 24 புள்ளி அளவில் சுமார் 71 கிலோபைட். 'கௌ' போன்ற அகல எழுத்துகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் 36 புள்ளி வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து மாற்ற வேண்டும்.

என் திரையில் இதுதான் ஓடுகிறது, கழற்றப் போவதில்லை. அப்படியும், தமிழுக்காக மட்டும் கேட்டால் இந்த வழி வேண்டாம் என்றுதான் சொல்வேன். 0 முதல் 9 வரையிலான இலக்கங்களுக்கு மாற்றியைத் தாராளமாக எடுங்கள். நிலையான பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் என்றால், கணினியிலேயே முழுச் சொல்லாக வரைந்து 4 பிட் படமாக ஏற்றிவிடுங்கள்.