10 மாத்திரை அட்டையும் 15 மாத்திரை அட்டையும்: மருந்துக் கடை மென்பொருளுடன் ஆறு ஆண்டுகள்

புதிதாக மருந்துக் கடை தொடங்கவிருக்கும் நண்பர், நான் பயன்படுத்தும் பில்லிங் மென்பொருளையே வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. கணக்கில் இருந்து அலமாரியில் இல்லாத மாத்திரைகளைத் தேடியே ஒரு ஞாயிற்றுக்கிழமையை அப்போதுதான் தொலைத்திருந்தேன்.

சிக்கல் அட்டையில் இருக்கிறது. 10 மாத்திரை அட்டையாக வந்துகொண்டிருந்த ஒரு மெட்ஃபார்மினை (சர்க்கரை நோய் மாத்திரை) நிறுவனம் 15 மாத்திரை அட்டையாக மாற்றியது. எங்கள் மென்பொருளிலோ, அட்டைக்கு எத்தனை என்ற எண் பேட்சோடு (ஒரே தடவையில் தயாரான தொகுதி) இல்லாமல், மருந்துகளின் அடிப்படை விவரப் பட்டியலான ஐட்டம் மாஸ்டரில் மருந்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணை 15 என்று திருத்திய மறுகணமே, மிச்சமிருந்த பழைய பேட்சின் 20 அட்டைகள் கணக்கில் 200 மாத்திரையிலிருந்து 300 ஆயின. 30 ரூபாய் அட்டையிலிருந்து 3 ரூபாய்க்கு விற்க வேண்டிய ஒற்றை மாத்திரைக்கு 2 ரூபாய் என்று பில் வந்தது. நான்கு, ஆறு என்று வெட்டி வாங்குவோரே அதிகமுள்ள என் கடையில் இதை அற்பப் பிழை என்று ஒதுக்க முடியாது. சப்போர்ட்டில் சொல்லித்தந்த வழி, பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து அதே மருந்தைப் புதிய ஐட்டமாகச் சேர்ப்பது. இன்று என்னிடம் புள்ளி வைத்த மருந்துகள் 40க்கு மேல் இருக்கின்றன. புள்ளி வைத்தது அலமாரி நிறைய இருக்கும்போதே, புள்ளியில்லாதது தீர்ந்துவிட்டதென்று ஆர்டர் பட்டியல் அலறுகிறது.

பொருள்நோக்கு நிரலாக்க முறையில் உருவாக்கியது என்று சொல்லித்தான் இதை எனக்கு விற்றார்கள். தனித்தனியாக இருப்பவற்றை நிரலிலும் தனித்தனி கிளாஸாக்கி, அதாவது வகையாக்கி, எதற்கு உரியதோ அதனிடமே அதை ஒப்படைப்பதுதான் அந்த முறை. மூலக்கூறும் அதன் வீரியமும் மருந்துக்கு உரியவை. காலாவதியும் எம்ஆர்பியும் அட்டையின் எண்ணிக்கையும் பேட்சுக்கு உரியவை. முதல் இரண்டையும் பேட்சிடம் சரியாகக் கொடுத்தவர்கள், மூன்றாவதை ஏன் மருந்தின் தலையில் கட்டினார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

விளங்காததற்குக் காரணம், மற்ற இடங்களில் அவர்கள் காட்டியிருக்கும் நேர்த்தி. 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளின் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆனபோது, பக்கத்துக் கடைக்காரர் ஆயிரக்கணக்கான ஐட்டங்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்க, நான் வழக்கம்போல் கடை திறந்தேன். வரி இங்கே அமலாகும் தேதியுடன் கூடிய தனி ஆப்ஜெக்ட், அதாவது நிரலில் தனியாக நிற்கும் ஒரு பொருள். மருந்து அதைச் சுட்டிக்காட்டுவதோடு சரி. செப்டம்பர் 20ஆம் தேதி பில்லுக்கு அக்டோபரில் சரக்கு திரும்பி வந்தபோதும், தொகையைக் கழித்துத் தரும் கிரெடிட் நோட் பழைய 12 விழுக்காட்டிலேயே விழுந்தது. மருத்துவர் சீட்டுக்கு விற்று, தனிப் பதிவேட்டில் எழுத வேண்டிய எச்1 அட்டவணை மருந்துகளும் அப்படித்தான்: பொது மருந்தின் பண்புகளையெல்லாம் மரபாகப் பெற்ற அந்தத் தனி வகை, மருத்துவரின் பெயரையும் முகவரியையும் நோயாளியின் பெயரையும் வாங்காமல் பில்லை முடிக்க விடாது. 2014 மார்ச் முதல் நடப்பிலுள்ள, மூன்றாண்டு பாதுகாக்க வேண்டிய அந்தப் பதிவேட்டுக்குரிய விவரங்கள் விற்கும்போதே சேர்ந்துவிடுவதால், இரவில் உட்கார்ந்து எழுதிய காலம் போயிற்று.

இவ்வளவையும் நண்பரிடம் சொல்லிவிட்டு, வாங்க வேண்டாம் என்றேன். வேறு எதைப் பார்த்தாலும், டெமோவில் ஒரே மாத்திரையை 10 மாத்திரை அட்டையாக ஒரு பேட்சிலும் 15 மாத்திரை அட்டையாக இன்னொரு பேட்சிலும் ஏற்றி, இரண்டிலும் நான்கு நான்கு மாத்திரை விற்றுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நான் மட்டும் அடுத்த ஆண்டுக்கான பராமரிப்புக் கட்டணத்தை நேற்றுக் கட்டிவிட்டேன்.