அப்பாவின் எண்ணூறும் என் இடது காலும்

டொராண்டோவிலிருந்து இந்த முறை ஐந்து வார விடுமுறை. மூன்றாவது வாரம், பெரியம்மாவை நங்கநல்லூரில் விட்டு வருவதற்காக நூறடி சாலை வழியாகப் போய்க் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது, அப்பாவின் மாருதி 800 உறுமியதே தவிர நகரவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம்தான் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கூடவே ஒரு கருகல் வாடை. "யாரோ குப்பையக் கொளுத்துறாங்க போல" என்றார் பெரியம்மா. எரிந்துகொண்டிருந்தது எங்கள் கிளட்ச். ஏசியை அணைத்து, பின்னால் வந்தவர்களின் ஹாரனையெல்லாம் வாங்கிக்கொண்டு, எப்படியோ உருட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

வீட்டில் தீர்ப்பு உடனே வந்துவிட்டது. "இந்த கிளட்சப் போட்டு பத்து வருஷம் ஆகுது, ஒரு தொந்தரவு இல்ல. மூணே வாரத்துல தீய்ச்சுட்டே" என்றார் அப்பா. பதினான்கு வருடமாக ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகியவன் நான். மெட்ரோ வேலை நடக்கும் ஆற்காடு சாலையில் பெடலைப் பாதி மிதித்தபடி, பாதி கிளட்சிலேயே நகர்ந்து நகர்ந்துதான் தினமும் போய் வந்தேன். வாயைத் திறக்க முடியவில்லை.

வண்டி 2008 மாடல். 2010இல் பி.எஸ்.4 என்ற புகை மாசு விதி வந்தபோதே சென்னையில் 800 விற்பனை நின்றுவிட்டது. 2014 ஜனவரியோடு உற்பத்தியும் முடிந்தது. "இதை வித்துடலாமே" என்று போன தடவையே சொல்லிப் பார்த்தேன். 2023இல் 5,000 ரூபாய் கட்டி, 2028 வரை எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ், வாங்கி வைத்திருக்கிறாராம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதலில் ஏசி போட்ட ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விசாரித்தேன். பெயர் வேண்டாம். வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், கம்ப்யூட்டரில் தட்டி 11,800 என்றார்கள், மூன்று நாள் ஆகுமாம். என்னென்ன மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, "கம்ப்ளீட் கிளட்ச் ஒர்க் சார்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

அப்புறம்தான் கேசவர்த்தினி பஸ் ஸ்டாப்புக்கு உள்ளே தள்ளி இருக்கும், அப்பா வழக்கமாகப் போகிற ஷெட்டுக்குப் போனோம். மெக்கானிக் அண்ணன் எடுத்ததும் கிளட்ச் கேபிளைத்தான் பார்த்தார். கேபிள் ரொம்ப இறுக்கமாக இருந்தாலும், இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட் முழுதாகப் பிடிக்காமல் வழுக்குமாம். பெடல் ஒரு விரல் அகலத்துக்காவது சும்மா அமுங்க வேண்டும். நட்டைத் தளர்த்திப் பார்த்தார், மாற்றமில்லை. பிறகு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, நான்காவது கியரைப் போட்டு மெல்ல கிளட்சை விட்டார். நல்ல கிளட்ச் என்றால் அந்த இடத்திலேயே இன்ஜின் அணைந்துவிட வேண்டும். எங்கள் வண்டி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. "போச்சு சார், பிரிச்சிடலாம்." இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள், மிச்சம் மீதி இருப்பதும் கருகிவிடும்.

பிளேட்டை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. பிளேட்டை மட்டும் மாற்றினாலும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். அரை நாள் கூலி அந்த இறக்கி ஏற்றுவதற்குத்தான். ஆறு மாதத்தில், பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் கத்த ஆரம்பித்தால் அதே கூலியை மறுபடியும் அழ வேண்டும். அதனால் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே செட்டாக வாங்கச் சொன்னார். பழைய கேபிளுக்குப் பதில் புதுசு, கூடவே ஆயில் சீல். சீல் கசிந்து புது பிளேட்டில் எண்ணெய் பட்டால் அதுவும் வழுக்கும்.

செலவைக் குறைக்கப் பழைய உதிரி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பார்க்கலாமா என்றேன். "கதவுக் கைப்பிடி, கண்ணாடின்னா போங்க. கிளட்ச் வேணாம்" என்றார். பழைய பிளேட்டுக்கே புது லைனிங் (உராய்ந்து தேயும் மேல்பட்டை) ஒட்டி விற்பது உண்டாம். சரி என்று மறுநாள் காலை எல்.ஐ.சி. மெட்ரோவில் இறங்கி உதிரி பாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு நடந்தேன். கடையில் முதல் கேள்வி "கார்பரேட்டரா, எம்.பி.எஃப்.ஐ.யா?", இரண்டாவது "எந்த வருஷம்?" முதல் கேள்வி இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் முறையைப் பற்றியது. ஆர்.சி. புத்தகத்தைப் போட்டோ எடுத்து வைத்திருந்தது உதவியது. மூன்றாவது கேள்வி "பில் வேணுமா?" வேண்டும் என்றேன். உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியதே 2025 செப்டம்பரில்தான். அந்த 18ஐ மிச்சம் பிடிக்கப் போனால், பழுது என்று திருப்பிக் கொண்டுபோகும்போது கையில் ஒரு தாளும் இருக்காது. நல்ல கம்பெனி செட் 2,650.

மதியம் ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம், அப்பாவும் நானும். பேட்டரியைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, இரண்டு பக்க டிரைவ் ஷாஃப்டையும் உருவி, ஜாக்கியில் தாங்கி கியர்பாக்ஸை இறக்கினார்கள். வெளியே வந்த பிளேட்டை மெக்கானிக் வேஷ்டித் துணியில் துடைத்து எங்கள் முன்னால் வைத்தார்.

லைனிங் ரிவெட் வரை தேய்ந்திருந்தது. பிளேட் ஒட்டிச் சுழலும் இன்ஜின் சக்கரமான பிளைவீலில் ரிவெட் கீறிய வட்டக் கோடு. "இது வருஷக்கணக்கா தேஞ்சது." பிரஷர் பிளேட்டைத் திருப்பினார், நடுவில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங் முனைகள், பேரிங் உரசி உரசிக் கண்ணாடிபோல் மின்னின. "பெடல் மேல கால வெச்சுட்டே ஓட்டுனா இப்படித்தான் ஆகும்." அப்பா டீ கிளாஸைப் பார்த்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மெக்கானிக் அதோடு விடவில்லை. முகப்பில் நீலம் பாரித்திருந்த திட்டுகளைக் காட்டி, "இது சூடு. புதுசு. பாதி கிளட்ச்ல நின்னது" என்றார். நானும் டீ கிளாஸைப் பார்த்தேன்.

பிளைவீலைப் பக்கத்துத் தெரு லேத்தில் கடைந்து வந்தார்கள், 400. பழைய ஷாஃப்ட் துண்டு ஒன்றைச் செருகிப் புது பிளேட்டை நடுவில் பொருத்தினார். அது கொஞ்சம் விலகினாலும் கியர்பாக்ஸ் உள்ளே ஏறாது. கேபிள் 280, சீல் 150, கியர் ஆயில் 800, கூலி 1,800. எல்லாம் சேர்த்து 6,080. டொராண்டோவில் ஒரு மணி நேரக் கூலியே நூறு டாலருக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. இந்தப் பணத்தில் அங்கே கியர்பாக்ஸை இறக்கக்கூட முடியாது.

புது கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று தெரியாமல் வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு முறை வண்டியை அணைத்துவிட்டேன். முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மெதுவாகப் பழக்கச் சொல்லியிருந்தார்கள். பழக்கும் பொறுப்பை அப்பாவே எடுத்துக்கொண்டார், சாவியோடு.

ஊருக்குக் கிளம்பிய இரவு விமான நிலையத்துக்கும் அவர்தான் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அசோக் நகர் தாண்டும் வரை அது பெடலுக்குப் பக்கத்தில் தரையில் சமர்த்தாக இருந்தது. கத்திப்பாரா ஏற்றம் வந்ததும் மெல்ல மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது.