பாயின்ட்டா, பஞ்ச் அட்டையா, பழைய நோட்டா? ஒரு கோத்தகிரி பேக்கரியின் கணக்கு

வாடிக்கையாளர்களைத் திரும்ப வரவைக்க, வாங்குவதற்கெல்லாம் பாயின்ட் கொடுக்கும் மென்பொருளைப் பதினான்கு மாதம் என் பேக்கரியில் வைத்திருந்தேன். மே சீசன் முடிந்த கையோடு அதை நிறுத்திவிட்டு, அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுக்கும் முறைக்கு மாறி ஒன்றரை வருடம் ஆகிறது. இதற்கிடையில் அப்பா காலத்துக் கடன் நோட்டும் கல்லாவுக்கு அடியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. குன்னூரிலும் அரவேனுவிலும் கடை வைத்திருக்கும் நண்பர்கள் எது வைக்கலாம் என்று கேட்கிறார்கள். மூன்றையும் கையாண்டவன் என்பதால் எழுதுகிறேன். நான் அட்டைப் பக்கம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சீசனுக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு இந்த மூன்றுமே வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை வருபவருக்குப் பாயின்ட் கொடுத்து என்ன பயன்? வர்க்கி மொறுமொறுப்பாக இருந்தால் அடுத்த முறையும் தேடி வருவார்கள். ஆனால் அவர்களை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியாது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். ஜூன் தொடங்கி மழை பிடித்துவிட்டால் கடையைத் தாங்குவது உள்ளூர்க்காரர்கள்தான். டீச்சர்கள், பேக்டரி ஆட்கள், பஸ் ஸ்டாண்ட் ஓட்டுநர்கள், சாயங்காலம் பப்ஸ் வாங்க வரும் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள். அவர்கள் வாரத்துக்கு இரண்டு முறை வருவதை மூன்றாக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி.

நோட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த ஊரில் சிறு தேயிலை விவசாயிக்குப் பச்சைத் தேயிலைப் பணம் மாதக் கணக்கில்தான் கைக்கு வரும். அதுவரை பிரட்டும் பன்னும் நோட்டில் ஏறும். பணம் வந்ததும் நேராக நம் கடைக்கு வந்து தீர்ப்பார்கள். இதைவிடப் பெரிய வாடிக்கைப் பிணைப்பு எந்த மென்பொருளிலும் கிடையாது. சிக்கல் என்னவென்றால், தேயிலை விலை இறங்கும்போது எல்லோர் கணக்கும் ஒரே நேரத்தில் தள்ளிப்போகும். மாவு மண்டிக்காரருக்கு நாம் தள்ளிப்போட முடியாது. அதனால் பழைய பதினெட்டு வீடுகளோடு நிறுத்திக்கொண்டேன். புதிதாகக் கடை தொடங்குபவர் நோட்டில் இறங்க வேண்டாம்.

அடுத்து பாயின்ட். நூறு ரூபாய்க்கு வாங்கினால் இரண்டு பாயின்ட், ஒரு பாயின்ட் ஒரு ரூபாய். போன் நம்பர் சொன்னால் போதும். அதில் நல்லதும் இருந்தது. யார் இரண்டு மாதமாக வரவில்லை என்று பட்டியல் காட்டும். பிறந்தநாளுக்கு முன்தினம் செய்தி போகும். அதனால் கேக் ஆர்டர் கொஞ்சம் கூடியது உண்மை.

பணக் கணக்கைப் பார்ப்போம். எங்கள் கடையில் எல்லாச் சரக்கும் சேர்த்துச் சராசரியாக ரூபாய்க்கு 25 காசு நிற்கும். பாயின்ட்டில் சேர்ந்தவர்கள் மாதம் ஒரு லட்சத்துக்கு வாங்கினால் 2,000 ரூபாய் பாயின்ட்டாகப் போகும். மென்பொருளுக்கு மாதம் 1,500. ஆக 3,500. இதை ஈடுகட்ட 14,000 ரூபாய்க்குக் கூடுதல் வியாபாரம் நடக்க வேண்டும். அதே ஒரு லட்சத்துக்கு அட்டை முறையில் எனக்கு 3,000 ரூபாய் ஆகிறது. பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். மழை மாதத்தில் வியாபாரம் பாதியானால் அட்டைச் செலவும் பாதியாகும். அந்த 1,500 மட்டும் குறையாது.

ஆனால் நான் மாறியதற்குக் காரணம் இந்தப் பணம் இல்லை. பராமரிப்பு.

நோட்டில் வாடிக்கையாளர் நமக்குக் கடன்பட்டிருக்கிறார். பாயின்ட்டில் நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். இதை நான் முதலில் புரிந்துகொள்ளவில்லை. ஏதோ பரிசு கொடுக்கிறோம் என்று நினைத்தேன். 212 பாயின்ட் வைத்திருப்பவரைப் பொறுத்தவரை அது அவருடைய 212 ரூபாய், என் கல்லாவில் இருக்கிறது. அந்தக் கணக்கை ஒவ்வொரு நாளும் ஒரு ரூபாய் பிசகாமல் வைத்திருக்க வேண்டும். மழையில் கரன்ட் போகும், நெட் போகும். அப்போது துண்டுச் சீட்டில் எழுதிவைத்து ராத்திரி ஏற்ற வேண்டும். நான்கு மணிக்குப் பள்ளி விட்டதும் பதினைந்து பேர் நிற்கும்போது, "அம்மா நம்பரா, அப்பா நம்பரா?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்க வேண்டும். கவுன்டரில் நிற்கும் பெண் கல்யாணமாகிப் போனால் அடுத்தவருக்கு முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி வியாபாரச் செய்தி அனுப்ப அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் பதிவு செய்தாக வேண்டும். தீபாவளிக்கு ஒரு வரி மாற்றி அனுப்ப நினைத்தாலும் புதிதாகப் பதிவு.

இதையெல்லாம்கூடச் சமாளித்தேன். பதிமூன்றாவது மாதம் மென்பொருள்காரர்கள் தங்கள் திட்டத்தை மாற்றினார்கள். புதிய அமைப்பில் தொண்ணூறு நாள் தாண்டிய பாயின்ட் தானாக அழியும்படி இருந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பேத்தி பிறந்தநாளுக்குக் கேக் எடுக்க வந்தார். "தம்பி, நாலு மாசத்துக்கு முன்னாடி சேர்த்து வெச்சது, இப்ப ஒண்ணுமே இல்லேன்னு காட்டுதே" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. எங்கள் அப்பா காலத்திலிருந்து வருபவர். நான் கழித்துக்கொடுத்தேன். அந்த மாதம் இப்படிப் பதினொரு பேருக்குக் கொடுத்தேன். கேட்காமலே போனவர்கள் எத்தனை பேரோ. வாக்குக் கொடுத்தது நான், அந்தக் கணக்குப் புத்தகம் மட்டும் யாரோ ஒருவர் கையில். இது எனக்குப் பொறுக்கவில்லை.

அட்டையில் இந்தப் பிரச்சினையே இல்லை. கணக்கு அவர் பர்ஸிலேயே இருக்கிறது. 150 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஒரு ஓட்டை. பத்து ஓட்டை விழுந்தால் கால் கிலோ வர்க்கி இலவசம். விற்பது 75, அடக்கம் 45. வர்க்கியில் லாபம் மற்றதைவிடக் கூடுதல், அதுவும் நம் அடுப்பிலேயே போடுவது; அதனால்தான் பரிசாக அதை வைத்தேன். பணமாகக் கழித்திருந்தால் 75-ம் போயிருக்கும். 45 ரூபாயை ஈடுகட்ட அட்டை ஒன்றுக்கு 180 ரூபாய்க்குக் கூடுதல் வியாபாரம் வேண்டும். அதாவது, அட்டை நிறைவதற்குள் ஒருவர் வழக்கத்தைவிட ஒரு தடவை கூடுதலாக, சற்றே பெரிய பையோடு வந்தால் சரியாகிவிடும்.

அட்டையில் பன்னிரண்டு கட்டம் இருக்கும். கொடுக்கும்போதே இரண்டில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்போம்; மீதிப் பத்துதான் அவர் வாங்கி நிறைக்க வேண்டியது. இது என் யோசனை இல்லை. அமெரிக்காவில் ஒரு கார் கழுவும் இடத்தில் நுனெஸ், டிரேஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 300 அட்டை கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம் உள்ள அட்டை. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம், இரண்டு ஏற்கனவே நிரம்பியது. இரண்டிலும் எட்டு முறைதான் வர வேண்டும். முதல் கூட்டத்தில் 19 சதவீதம் பேர் அட்டையை நிறைத்தார்கள், இரண்டாவதில் 34 சதவீதம். 2006-ல் வெளிவந்த ஆய்வு அது. தொடங்கிவிட்ட வேலையைப் பாதியில் விடப் பலருக்கு மனசு வராது.

மை முத்திரை வேண்டாம் என்று அனுபவத்தில் சொல்கிறேன். பனியிலும் மழையிலும் இங்கே எதுவும் காயாது. பர்ஸுக்குள் மை பரவிவிடும். அதே மாதிரி முத்திரையை யாரும் வெளியில் செய்துகொள்ளவும் முடியும். கோவையிலிருந்து இலை வடிவத்தில் ஓட்டை விழும் பஞ்ச் வாங்கிவந்தேன், கெட்டி அட்டையாக அச்சடித்தேன். ஆயிரம் அட்டைக்கு இரண்டாயிரம் ரூபாய் ஆனது.

அட்டையின் பின்பக்கம் கொடுத்த தேதியை எழுதிவிடுவோம். நிறைந்த அட்டைகள் ஒரு பிஸ்கட் டின்னில் சேரும். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால், எத்தனை நாளில் நிறைந்தது என்று தெரிந்துவிடும். ஆரம்பத்தில் ஏழெட்டு வாரம் ஆனது, இப்போது ஐந்தாறு வாரத்தில் நிறைகிறது. முழுக்க அட்டையின் புண்ணியம் என்று சொல்ல மாட்டேன். அதே சமயத்தில்தான் பள்ளி வேன் நிற்கும் இடம் எங்கள் கடைப் பக்கம் மாறியது.

நான் எதிர்பாராத பலன் வண்டி ஓட்டுநர்களிடமிருந்து வந்தது. சுற்றுலா வண்டி ஓட்டுபவர்கள் காலை டிபனுக்கு முன் பன்னும் டீயும் சாப்பிடுவார்கள், வீட்டுக்குப் பிரட் வாங்குவார்கள். அவர்கள் அட்டைதான் மற்றவர்களுடையதைவிட வேகமாக நிறைகிறது. ஆள் கூட்டிவந்தால் கமிஷன் என்ற பேச்சுக்கே போகவில்லை. ஆனாலும் தாங்கள் வாங்கும் கடையைத்தான் வண்டியில் வருபவர்களுக்கும் காட்டுகிறார்கள்.

குறைகளும் உண்டு. அட்டை தொலைந்தால் தொலைந்ததுதான்; தெரிந்த முகமாக இருந்தால் ஐந்து ஓட்டை போட்டுப் புதியது கொடுக்கிறேன், அது என் இஷ்டம். வராமல் நின்றுபோனவர் யார் என்று அட்டை சொல்லாது. பிறந்தநாள் கேக் ஆர்டர் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இரண்டு மூன்று கிளை இருந்தால், அல்லது துணிக்கடை, நகைக்கடை மாதிரி பெரிய பில் விழும் இடமாக இருந்தால், பாயின்ட்டே சரியாக இருக்கலாம். அந்த வியாபாரத்தில் எனக்குப் பழக்கம் இல்லை. ஹோம்ஸ்டே நடத்தும் நண்பருக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒருவேளை மென்பொருள் வைப்பதென்றால், பாயின்ட் பட்டியலை வாரம் ஒருமுறை நம் கணினியில் இறக்கிக்கொள்ள முடியுமா, காலாவதி நாளை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை.

இந்த வாரம் அடுத்த ஆயிரம் அட்டை அச்சுக்குப் போகிறது. காலாவதி தேதி போடச் சொல்லி அச்சகத்தார் வற்புறுத்தினார். அந்த இடத்தை வெறுமையாகவே விடச் சொல்லிவிட்டேன்.